மலிவு சூப்பர்கன்: வாங்கலாம், ஆனால் காசைப் போட வேண்டிய இடம் வேறு

சூப்பர்கன் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் பச்சைத் தகட்டைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேபினெட்டுக்குள் இருக்கும் ஒயர்களை மேசைக்கு மாற்றி, கேம் போர்டை வீட்டிலேயே ஓட வைப்பதுதான் அதன் முழு வேலை. மற்றதையெல்லாம் ஜப்பான்காரர்கள் 1985-லேயே முடித்து வைத்துவிட்டார்கள். அந்நாட்டு ஆர்கேட் நிறுவனங்களின் சங்கம் கொண்டுவந்த ஜாமா இணைப்பில் ஒரு பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 முனைகள். மின்சாரம் எந்த முனையில், படம் எதில், சத்தம் எதில், ஜாய்ஸ்டிக் எதில் என்று எல்லாமே அதில் நிர்ணயம் ஆகிவிட்டது. வீடியோ கேம் பார்லர்காரர் ஒரு போர்டை உருவி இன்னொன்றைச் செருகினால் அதே பெட்டியில் அடுத்த கேம் ஓடியதற்குக் காரணம் இதுதான். அதனால் சூப்பர்கன்னுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். மிச்சமாகும் காசுக்கு வேறு செலவு இருக்கிறது.

நான் வாங்கியது பிராண்ட் பெயர் எதுவும் இல்லாத, சீனாவிலிருந்து வந்த தகடு. ரூ.3,500 சொச்சம். ஒரு முனையில் ஜாமா கனெக்டர், மறுமுனையில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகும் படச் சிக்னல்) வெளியீடும் சாதாரண ஏவி வெளியீடும், முன்பக்கம் ஜாய்ஸ்டிக்குக்கு 15 பின் சாக்கெட் இரண்டு, சிவப்பு பச்சை நீலத்துக்குத் தனித்தனியாகத் திருகு. சால்டரிங் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கனெக்டரின் 7-வது இடத்தில் இருக்க வேண்டிய சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இல்லை.

இது சில்லறைக் குறை இல்லை. போர்டைத் தலைகீழாகச் செருகவிடாமல் தடுப்பதே அந்தத் துண்டுதான். அது இல்லாமல் மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1-ம் முனை 28-க்கு எதிரே வரும், 6-ம் முனை 23-க்கு எதிரே வரும். 6-ல் இருப்பது 12 வோல்ட், 23-ல் இருப்பது இரண்டாவது பட்டன். இரண்டு கோடியிலும் கிரவுண்ட்தான் இருக்கிறது என்பதால் சர்க்யூட்டும் அழகாகப் பூர்த்தியாகிவிடும். 5 வோல்ட்டுக்குப் பழகிய சிப்பின் வாயில் 12 வோல்ட்டை ஊற்றிய மாதிரி. உங்களிடம் இருப்பது முப்பது வருஷத்துப் போர்டு, செத்தால் மாற்று கிடைக்காது. பழைய ஏடிஎம் கார்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி 7-வது பள்ளத்தில் சொருகி ஒட்டினேன். கனெக்டர் வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள், விற்பவரிடமும் கேளுங்கள்.

அடுத்தது பவர் சப்ளை. இதில் கஞ்சத்தனம் கூடாது. பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் வீட்டில் கிடக்கும், பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடிவிடும். இலவசம் என்பதால் நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். ஓடும், பொய் சொல்லவில்லை. ஆனால் புதிய கம்ப்யூட்டர் சப்ளைகளின் கவனமெல்லாம் 12 வோல்ட்டின் மேல். ஆர்கேட் போர்டு தின்பதோ 5 வோல்ட்டை. சப்ளையின் வாயில் 5 வோல்ட் சரியாக இருந்தாலும், ஒயரிலும் கனெக்டரிலும் கொஞ்சம் இழந்து போர்டுக்கு 4.7 போய்ச் சேரும். அப்போது கேம் பாதியில் தானாக ரீசெட் ஆகும், அல்லது திரையில் குப்பை எழுத்துகள் வரும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளிவிட்டவர்களிடமிருந்து வாங்குகிறவர்களும் உண்டு, நான் இரண்டாவது வகை.

கேம் பெட்டிகளுக்கென்றே விற்கும் எஸ்எம்பிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் அதில் வரும், 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இருக்கும். மைனஸ் 5 கேட்கும் போர்டுகள் குறைவுதான், ஆனால் கேட்கிற போர்டுக்கு அது இல்லாவிட்டால் பெரும்பாலும் சத்தம் வராது. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்து வாங்கினேன். சப்ளையின் முனையில் அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். போர்டைச் செருகி, கேம் ஓடும்போது, போர்டின்மேல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 5.0 வோல்ட் காட்டும்வரை மெல்லத் திருகுங்கள். 5.1-ஐத் தாண்ட வேண்டாம். எர்த் உள்ள மூன்று பின் பிளக் கட்டாயம், இதில் பேச்சே இல்லை.

இப்போது படம். ரொம்ப நேரம் தின்றது இதுதான். ஆர்கேட் போர்டு வெளியே அனுப்புவது நொடிக்குக் கிட்டத்தட்ட 15,700 கோடுகள் வரையும், அதாவது 15.7 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். கம்ப்யூட்டர் மானிட்டர் 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பொதுவாகத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே பழைய டிவியின் பின்னால் ஸ்கார்ட் என்ற துவாரம் இருக்கும், ஆர்ஜிபியை நேரே கொடுத்துவிடலாம். நம் ஊர் டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின்தான்.

அதையும் முயன்று பார்த்தேன். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒன்று என் பெரியம்மா வீட்டுப் பரணில் இருந்தது. 14 அங்குலம், குழாய் டிவி, தூசு தட்டியதும் உயிர் வந்தது. சூப்பர்கன்னின் ஏவி வெளியீட்டை அதில் செருகினால் படம் வருகிறது. சிவப்பு நிறம் ஓரம் தாண்டி வழிகிறது, சின்ன எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டனை அழுத்திய கணமே அடி விழுகிறது, துளி தாமதம் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. எல்லா ஆர்கேட் கேமும் நொடிக்கு 60 படம் காட்டுவதில்லை. ஆர்-டைப் 55, மார்ட்டல் காம்பாட் அதற்கும் சற்றுக் குறைவு. எல்இடி டிவி இதைப் பார்த்து 'நோ சிக்னல்' என்று கைவிரிக்க வாய்ப்பு அதிகம். குழாய் டிவி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி ஜிபிஎஸ்-8200 (GBS-8200). ரூ.2,000 சுமாருக்குக் கிடைக்கும் கன்வெர்ட்டர் தகடு இது, 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபியை வாங்கி கம்ப்யூட்டர் மானிட்டருக்கான விஜிஏவாக மாற்றிக் கொடுக்கும். வாங்கியபடியே போட்டால் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கேம்கள் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தைத்தான் அனுப்புகின்றன. இந்தத் தகடோ அதை டிவி ஒளிபரப்பு மாதிரி பாதிப் பாதிப் படம் என்று நினைத்துக்கொண்டு ஒட்டிப்பார்க்கிறது. ஆள் ஓடும்போது ஓரங்கள் சிலும்புகின்றன, ஆட்டமும் கொஞ்சம் பின்தங்குகிறது. ஆனால் இதே தகட்டுக்கு ஜிபிஎஸ்-கண்ட்ரோல் என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. இஎஸ்பி8266 சிப் உள்ள சின்ன வைஃபை போர்டு ஒன்றில் அதை ஏற்றி, சில ஒயர்களைச் சால்டர் செய்தால் தகடு வேறு ஆளாகிவிடுகிறது. படம் கூர்மை, செட்டிங்ஸ் எல்லாம் போனிலேயே மாற்றலாம். சால்டரிங் தெரியாதவர்கள் இந்த வேலையை ஏற்கெனவே செய்து விற்கும் தகட்டை வாங்கிவிடுங்கள். ஓஎஸ்எஸ்சி போன்ற உசத்தியான கன்வெர்ட்டர்களும் இருக்கின்றன, ஆனால் வரியெல்லாம் சேர்த்தால் என் மொத்த செட்டப்பின் விலையை அது ஒன்றே நெருங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆர்கேட் போர்டு அனுப்பும் நிற சிக்னல் வீட்டுக் கருவிகள் எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைப் போலப் பல மடங்கு. சூப்பர்கன்னில் அந்த மூன்று திருகுகள் இருப்பது இதைக் குறைக்கத்தான். எனக்கு வந்த தகட்டில் மூன்றும் முழுக்கத் திறந்தே இருந்தன. கன்வெர்ட்டரைச் செருகுவதற்கு முன் மூன்றையும் குறைத்துவிட்டு, படம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வெறும் ஜாமா ஒயர் கட்டை மட்டும் வாங்கி நேரடியாக இணைக்கப்போகிறவர்கள் ரெசிஸ்டர் போடாமல் இதைத் தொடவே வேண்டாம்.

சத்தம் சுலபம். போர்டிலேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, நேரே ஒரு 8 ஓம் ஸ்பீக்கரில் கொடுத்தால் போதும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரைக் கிரவுண்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், சில போர்டுகளின் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காது.

ஜாய்ஸ்டிக்கில் நான் தாராளமாகச் செலவழித்தேன். ஆர்கேட் பட்டன் என்பது அழுத்தினால் ஒரு ஒயரைக் கிரவுண்டோடு சேர்க்கும் சுவிட்ச், அவ்வளவுதான். யூஎஸ்பி தேவையில்லை, சிப் தேவையில்லை. எனவே காசு முழுவதும் கையில் படும் பாகத்துக்குப் போகட்டும். எனக்கு ஒரு சான்வா ஜேஎல்எஃப் ஸ்டிக், சான்வா பட்டன்கள். இரண்டாவது ஆளுக்கு மலிவு ஸ்டிக். என் தம்பி வந்தால் எது யாருக்கு என்று முதல் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். பெட்டி மட்டும் உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் செய்தது, எல்லாவற்றையும்விட அதுதான் கனம். காயின் பட்டன் ஒன்றையும் மறக்காமல் போடுங்கள். எல்லா போர்டிலும் காசில்லாமல் ஆடும் செட்டிங் இருக்காது, சொந்த வீட்டிலும் காசு போட்டதாகப் போர்டை நம்பவைக்க வேண்டியிருக்கும்.

ஜாமாவில் ஓர் ஆளுக்கு மூன்று பட்டனுக்குத்தான் உத்தரவாதமான இடம். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு வேண்டும், உதைக்கும் மூன்று பட்டன்களும் போர்டில் உள்ள வேறொரு சாக்கெட் வழியாகப் போகும். சூப்பர்கன்னில் அதற்குப் பின்கள் இருக்கின்றன, ஒயரை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். அதேபோல முஸ்தபா. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடைக்குள் காலெடுத்து வைத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்கு: கேப்காம் 1993-ல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம், ஆனால் மூன்றாவது ஆளுக்கு ஜாமாவில் இடமே இல்லை, அவருக்கும் தனி இணைப்பு. நான் இன்னும் இரண்டு பேரோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என்னிடம் இருக்கும் முஸ்தபா போர்டு நகல். மூடிப்போன பார்லர் ஒன்றின் உரிமையாளரிடமிருந்து வந்தது. அசலில் கியூ-சவுண்ட் என்ற உசத்தியான ஒலி முறை, இதில் அதைவிட எளிய சவுண்ட் சிப், பாட்டு கொஞ்சம் தகர டப்பாவாகத்தான் ஒலிக்கும். ஆனால் அசலுக்கு ஒரு சாபம் உண்டு. ரகசியக் குறியீட்டின் சாவியை அது பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும், பேட்டரி தீர்ந்தால் போர்டும் வேலைசெய்யாமல் போய்விடும். நகலில் அந்தப் பேச்சே இல்லை. கேப்காமின் அடுத்த தலைமுறையான சிபிஎஸ்-2 போர்டுகளிலும் இதே பேட்டரிதான். அவற்றை ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டைக் கொண்டு மீண்டும் உயிர்ப்பிக்கும் வழி இப்போது இருக்கிறது, ஆனால் முதல் போர்டாக வாங்க வேண்டாம். ஜப்பானிலிருந்து நான் வரவழைத்த அசல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் பேட்டரி கிடையாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

'60 இன் 1' என்று மலிவாக விற்பது அசல் போர்டு அல்ல, ஒரே சிப்பில் ஓடும் எமுலேட்டர், அதாவது அசல் போர்டைப் போல நடிக்கும் மென்பொருள். இருந்தாலும் ஒன்று வாங்கி வையுங்கள். புதிதாக ஒயர் போட்டால் முதலில் அதைச் செருகிப் பாருங்கள், போனால் அது போகட்டும்.

போர்டுகள் போக, மொத்தம் ரூ.15,000-க்குள் முடிந்தது. சண்டை கேம்களுக்குப் பெரியம்மா டிவி. ரெய்டன் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்க வேண்டிய விமான கேம் யாராவது கொண்டுவந்தால், ஜிபிஎஸ்ஸோடு திருப்பி வைக்கக்கூடிய பழைய ஆபீஸ் மானிட்டர். குழாய் டிவியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஆடலாம் என்று சிலர் சொல்வார்கள், அதன் எடையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

போர்டின் விளிம்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டே செருகுங்கள். ஆடும்போது போர்டு மரப்பலகை மேல் இருக்கட்டும், இரும்பு மேசை வேண்டாம், மெத்தையும் வேண்டாம். ஆடி முடித்ததும் ஆன்டி-ஸ்டேடிக் பையில் போட்டு மூடி வையுங்கள். கேபினெட்டுக்குள் இருந்தவரை அதற்குக் கூரை இருந்தது. இப்போது மேலே ட்யூப்லைட், ட்யூப்லைட்டைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்குப் பின்னால் பல்லி. எங்கள் வீட்டில் சூப்பர்கன்னுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டிரே கவிழ்ந்திருப்பது அதற்காகத்தான்.