தி கம்ப்ளீட் பீரேஜ்: பிரபு குடும்பத்துக் கொடிவழி தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டியது

அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பக் கொடிவழியை ஒழுங்காகப் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தபோது நான் முதலில் போனது சந்தா கட்டிச் சேரும் ஒரு வம்சாவளித் தளத்துக்கு. பெயரைத் தட்டினால் போதும், நார்மன் காலம் வரை மரம் விரிந்துவிடுகிறது. நிதானமாகப் பார்த்தால் ஒரு கிளையில் எட்டு வயதுப் பெண்ணுக்கு மகன் பிறந்திருக்கிறான். ஆதாரம் என்ற இடத்தில் இன்னொருவர் போட்ட மரம், அதற்கு ஆதாரம் மூன்றாமவர் போட்ட மரம். வெறுத்துப்போய்த்தான் 'தி கம்ப்ளீட் பீரேஜ்' பக்கம் வந்தேன், அப்புறம் அந்தத் தளத்துக்குத் திரும்பவே இல்லை.

ஜி.ஈ. கோகெய்ன் 1887 முதல் 1898 வரை 8 தொகுதிகளாகக் கொண்டுவந்த, பிரபுப் பட்டம் வகித்தவர்களைப் பற்றிய நூல் இது. இரண்டாம் பதிப்பை அவருடைய சகோதரி மகன் விக்கரி கிப்ஸ் 1910இல் தொடங்கினார், பலர் கைமாறி முடிய 1959 ஆகிவிட்டது. திருத்தங்களுக்கென்றே 1998இல் 14ஆம் தொகுதி வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் பட்டங்களும் இருக்கின்றன, வாரிசில்லாமல் அற்றுப்போனவை உட்பட.

ஒரு பதிவைத் திறந்தால் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு, அடக்கம், உயில் நிரூபிக்கப்பட்ட நாள் என்று வரிசையாக வரும். டி.எஸ்.பி. என்றிருந்தால் பிள்ளையில்லாமல் இறந்தவர், டி.வி.பி. என்றிருந்தால் தகப்பன் உயிரோடிருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர். இந்த இரண்டு சுருக்கமும் மனதில் பதிந்துவிட்டால், அண்ணனை விட்டுத் தம்பிக்கோ மகனைத் தாண்டிப் பேரனுக்கோ பட்டம் ஏன் போனது என்பது பாதி விளங்கிவிடும். அதற்குக் கீழே அடிக்குறிப்புகள், சில பக்கங்களில் மேலே நான்கு வரி, மீதி முழுக்க அதுதான். நான் உயிராக நினைப்பது அந்தப் பகுதியைத்தான். பிரபு குடும்பங்களுக்கான இன்னொரு நூலான பர்க்கின் பழைய பதிப்புகள் குடும்பங்கள் சொன்ன பூர்வீகக் கதைகளை அப்படியே அச்சிட்டதை வரலாற்றாசிரியர் ஹொரேஸ் ரவுண்ட் போன்றவர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். இங்கே அப்படிப்பட்ட கதை வந்தால் அதை எதிர்த்துக் கேள்வியும் கூடவே வருகிறது.

டெஸ்மண்ட் பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்டுகள் வகித்த, ஏர்ல் என்ற நிலையிலான பிரபுப் பட்டம் அது, 1329இல் உண்டானது. 1583 நவம்பரில் கெர்ரியில் கொல்லப்பட்ட ஜெரால்டைச் சில நூல்கள் 14ஆவது ஏர்ல் என்கின்றன, சில 15ஆவது என்கின்றன. நடுவில் யார் யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற தகராறுதான் காரணம். இது தெரியாமல் இரண்டு நூல்களை ஒட்டினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். டெஸ்மண்ட் வரும் 4ஆம் தொகுதி வெளியானது 1916இல். 1922 ஜூன் 30ஆம் தேதி டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து, உயில்களும் தேவாலயப் பதிவேடுகளும் மக்கள்தொகைக் கணக்குகளும் சாம்பலாயின. அதற்கு முன் தொகுத்த பக்கங்கள் என்பதால் அவற்றைப் புரட்டும்போதே எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

குறை இல்லாமல் இல்லை. இது பட்டம் வகித்தவர்களுக்கான நூல், குடும்பத்துக்கானது இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பத்தவரான முதல் லீன்ஸ்டர் டியூக்கின் மனைவி எமிலி, இரண்டு கணவர்களுக்குமாக இருபதுக்கு மேல் பிள்ளை பெற்றவர். அவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி வெடிப்பதற்குச் சில நாள் முன் பிடிபட்டு, காயத்தால் டப்ளின் சிறையில் இறந்த லார்ட் எட்வர்ட். அயர்லாந்தே அறிந்த மனிதர், ஆனால் பட்டத்துக்கு வந்தவர் இல்லை என்பதால் அவருக்குத் தனிப் பதிவு கிடையாது. இளைய மகன்களுக்கும் மகள்களுக்கும் பர்க்கைத்தான் புரட்ட வேண்டும், தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டு. அயர்லாந்துக் கிளை என்றால் 1708 முதல் இயங்கும் டப்ளின் பத்திரப் பதிவகத்தையும் பாருங்கள், தீயில் சிக்காமல் தப்பியது அது. கல்யாண ஒப்பந்தங்கள், குத்தகைகள் வழியாக மற்றெங்கும் இல்லாத தம்பி தங்கைகள் அங்கே வெளிப்படுவார்கள்.

இன்னொன்று, அகரவரிசை பட்டப்பெயரில்தான். ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று தேடினால் கிடைக்காது, கில்டேர், லீன்ஸ்டர், டெஸ்மண்ட் என்று போக வேண்டும். 6 புத்தகமாகச் சுருக்கிய மறுபதிப்பு வாங்குவதானால் எழுத்து ரொம்பப் பொடி, பூதக்கண்ணாடி வேண்டும். பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கின்றன, வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிக்கலாம். 4ஆம் தொகுதியில் ஆரம்பியுங்கள், அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.