நாலு போர்ஷன் வீட்டுக்கு யாரிடம் கடன் வாங்குவது?

சென்னைப் புறநகரில் பழைய வீடு தேடினால் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை, மாடிப்படிக்கு அடியில் வரிசையாக ஈ.பி. மீட்டர்கள். ஒன்றில் நாம் குடியிருந்துகொண்டு, மற்றவற்றின் வாடகையில் ஈ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்று மனம் உடனே கணக்குப் போடும். என் மச்சான், அதாவது தங்கையின் கணவர், ஆதம்பாக்கத்தில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்து, 1 கோடியே 20 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டு, கடனுக்கு அலைந்தபோது நானும் கூடவே அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று: வங்கி வீட்டுக் கடன், வங்கியாக இல்லாமல் வீட்டுக் கடன் தரும் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி, அல்லது மச்சானின் அம்மா (எனக்கு அத்தை) பேரில் இருக்கும் தாம்பரம் வீட்டை வைத்து அடமானக் கடன். எல்லாரும் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்றுதான். நாங்களும் அதைத்தான் கேட்டோம். இந்த மாதிரி வீட்டுக்கு அது இரண்டாவது கேள்வி. உங்கள் கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தில் எவ்வளவு பாகம் கடன் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் முதல் கேள்வி.

சொத்துக்கு மதிப்புப் போட வங்கி அனுப்பிய வேல்யூவர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஹாலின் கிரானைட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு போர்ஷனிலும் நேராகச் சமையல் மேடைக்குப் போனார். மேடை இருந்தால் ஒரு வீடு. அப்படி ஐந்து எண்ணினார். மீட்டரும் ஐந்து. கையில் இருந்த அப்ரூவ்டு பிளானில் இருந்ததோ இரண்டு சமையலறை, தரைத்தளத்துக்கு ஒன்று, முதல் தளத்துக்கு ஒன்று. பின்னாளில் நடுவில் சுவர் எழுப்பி இரண்டை நாலாக்கியிருக்கிறார்கள். மாடி அறை பிளானிலேயே இல்லை. அவர் போட்ட மதிப்பு 1 கோடி. அந்த அறைக்குப் பூஜ்யம்.

இங்கே ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவிகிதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவிகிதம் என்பது உச்சவரம்பு. மதிப்பு என்றால் நாம் பேசிய விலை இல்லை, வங்கி ஏற்றுக்கொண்ட தொகை. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அதில் சேர்க்க மாட்டார்கள், 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்குத்தான் அந்தச் சலுகை. ஆக எங்களுக்கு வந்தது 75 லட்சம். விலையில் மீதி 45 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம் என்று வைத்தால் அது மட்டும் 8 லட்சத்து 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் தனி. மச்சான் முகம் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் நடந்தது வேறு. உள்ளே சுவர் எழுப்பியதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. மாடி அறைக்குக்கூடக் கொஞ்சம் மதிப்பு போட்டு, மொத்தம் 1 கோடியே 14 லட்சம் என்றார்கள். 85 லட்சம் வரை தருவதாகச் சொன்னார்கள். பத்து லட்சம் கூடுதல், அதுவும் ஒரே வாரத்தில்! பழைய பஞ்சாயத்து அப்ரூவல், சம்பளச் சீட்டு இல்லாத வியாபாரி, பெயர் மாறாத பட்டா என்று சிக்கல் உள்ளவர்களுக்கு இவர்கள்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அதற்கு விலை உண்டு. ஒரு கணக்குக்கு வங்கியில் 8, கம்பெனியில் 9.5 சதவிகிதம் என்று வையுங்கள். 75 லட்சத்துக்கு 20 வருடத்தில் வங்கி ஈ.எம்.ஐ. சுமார் 62,700, கம்பெனியில் 69,900. மாதம் ஏழாயிரம்தானே என்று தோன்றும். முழுக் காலத்துக்கும் பார்த்தால் 17 லட்சம். இன்னொன்று, 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிய ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடனை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்துத்தான் தர வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சொந்த அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். 2025இல் ரெப்போ 6.5இலிருந்து 5.25க்கு இறங்கியபோது ரெப்போவோடு இணைத்த கடன்களில் வட்டி தானாக இறங்கியது. மற்ற இடங்களில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

“இப்போதைக்குக் கம்பெனியில் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்து வங்கிக்கு மாற்றிக்கலாம்” என்று ஏஜென்ட் சொல்வார். தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் பேச்சளவில் சரி. ஆனால் மாற்றப் போகும்போது வங்கி அதே பிளானைத்தான் கேட்கும், அதே சமையல் மேடைகளைத்தான் எண்ணும். இன்றைக்கு மூடிய கதவு இரண்டு வருடத்தில் திறந்துவிடாது.

மூன்றாவது வழியான அடமானக் கடனில் இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் பார்ப்பது தாம்பரம் வீட்டை. ஆதம்பாக்கத்தில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்க மாட்டார்கள். வாங்கும் வீட்டின் பத்திரமும் நம் கையிலேயே இருக்கும். ஆனால் பெரும்பாலும் மதிப்பில் 60, 65 சதவிகிதம்தான் தருவார்கள், வட்டி அதிகம், காலம் 15 வருடம். 90 லட்சம் பெறும் வீட்டுக்கு 54 லட்சம் கிடைத்தால், 10.5 சதவிகிதத்தில் மாதம் சுமார் 59,700. அறுபது வயது தாண்டிய அத்தையும் கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால் போவது அவர் குடியிருக்கும் வீடு. நான் இதற்கு முதல் நாளிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை.

வாடகை விஷயத்தில் மூன்று பேருமே கறார். வரப்போகும் வாடகை 36 ஆயிரம் என்று நாம் சொல்வது அவர்களுக்கு வெறும் பேச்சு. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இந்த வீட்டில் ஒரு ஒப்பந்தம்கூடப் பதிவாகவில்லை. மச்சானின் சம்பளத்தை வைத்துத்தான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். கம்பெனி மட்டும் வாடகையில் பாதியைச் சேர்த்துக்கொண்டது.

வாடகையைவிடப் பெரிய தலைவலி லீஸ். இரண்டு போர்ஷனில் மாத வாடகை இல்லாமல் லீஸுக்கு இருந்தார்கள், ஐந்து லட்சமும் நாலு லட்சமும் மொத்தமாகக் கொடுத்து. “அந்த ஒன்பதைக் கழித்துக்கொண்டு கொடுங்கள்” என்றார் விற்பவர். கேட்க இனிப்பாக இருந்தது. அவர்கள் காலி செய்யும் நாளில் ஒன்பது லட்சத்தை எண்ணி வைக்க வேண்டியது வாங்கியவர் என்பது பிறகுதான் உறைத்தது. வங்கியின் வக்கீல், லீஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் பத்திரப்பதிவு என்று சொல்லிவிட்டார். கம்பெனி அதைக் கேட்கவே இல்லை. கேட்காததை நல்ல குணம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வருமான வரியில், கடனின் பெயரைவிடப் பணம் எதற்குப் போனது என்பதுதான் முக்கியம். அடமானக் கடனை வாங்கி வீடு வாங்கினாலும் அதன் வட்டிக்குக் கழிவு கேட்கலாம், பணம் போன தடம் இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட பாகத்துக்கு 30 சதவிகிதக் கழிவு போக, அந்தப் பாகத்துக்கு உரிய வட்டியையும் கழிக்கலாம். முதல் வருடங்களில் வாடகைக்கு வரியே வராது. அதற்கு மேல் மிஞ்சும் நஷ்டத்தைப் பழைய முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், புதிய முறையில் முடியாது.

அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லாரையும் கடனிலும் சேர்க்கச் சொல்வார்கள்.

கடைசியில் மச்சான் வங்கிக்கே போனார், ஆனால் பழைய விலைக்கு இல்லை. வேல்யூவர் மாடி அறைக்கு ஒன்றும் போடவில்லை என்பதை விற்பவரிடம் நேராகச் சொன்னோம். “வேற ஆள் பார்த்துக்கறேன்” என்று எழுந்து போனார். அடுத்து வந்தவருக்கும் வங்கி அதையே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். 1 கோடியே 9 லட்சத்துக்கு முடிந்தது, லீஸ்காரர்களை அவரே காலி செய்து கொடுத்தார். மாடி அறையில் இப்போது என் தங்கை வடாம் காயவைக்கிறாள்.