செக்கண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்குகிறீர்களா? பங்கஸ் மட்டுமல்ல, மணலையும் பாருங்கள்

மலையகத்தில் கல்யாணம், சாமத்திய வீடு என்று கமெராவோடு ஓடித்திரியும் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கண்டியில் பாவித்த கமெரா சாமான் விற்கும் ஒரு கடைக்காரர் 24-105 எம்.எம். சூம் லென்ஸ் ஒன்றை 180,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2022இல் டொலர் எகிறியதிலிருந்து புது லென்ஸ் என்பது சின்ன ஸ்டூடியோக்காரருக்குக் கைக்கெட்டாத சாமான். எல்லோரும் செக்கண்ட் ஹேண்டுக்குத்தான் போகிறோம். போனால் நாம் பார்ப்பது ஒன்றே ஒன்று, பங்கஸ், அதாவது பூஞ்சணம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, எங்கே இருந்தாலும் ஈரம் நம்மை விடாது. சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டி வைத்தாலும் ஒரு மழைக்காலத்தில் கண்ணாடிக்குள்ளே சிலந்திவலை மாதிரிப் படர்ந்துவிடும். அதனால் முதல் வேலையாக டோர்ச் அடித்துப் பார்ப்போம். இந்த லென்ஸையும் அடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே? பாலைவனத்துக்குப் போய்வந்த லென்ஸுக்குப் பங்கஸ் எங்கிருந்து வரும்?

"தம்பி, இது ஸ்டூடியோவ விட்டு வெளியவே போகாத லென்ஸ். மழைகூடப் பட்டதில்ல" என்றார் கடைக்காரர். மழை படவில்லை என்பது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

லென்ஸ் எவ்வளவு ஷார்ப் என்று காட்ட வட்ஸ்அப்பில் சில படங்களும் அனுப்பினார். செந்நிறப் பாறை, அலையலையாக வளையும் சுவர்கள், மேலேயிருந்து நேராக இறங்கும் ஒளிக்கற்றை. அமெரிக்காவின் அரிசோனாவில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள அன்டிலோப் கன்யன் என்ற ஒடுங்கிய பாறைப் பள்ளத்தாக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. கேட்டதற்கு, "அது யாரோ வெளிநாட்டுக்காரர் இதே மொடல் லென்ஸ்ல எடுத்தது தம்பி, ரிசல்ட் காட்டத்தான் அனுப்பினேன்" என்று முடித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் சூம் ரிங்கைத் திருப்பும்போது கறகறவென்று ஒரு சத்தம். பொகவந்தலாவையில் ஒரு கல்யாணத்தில், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரம் பார்த்து ஃபோகஸ் அப்படியே நின்றுபோனது. பையில் கிடந்த 50 எம்.எம். லென்ஸ்தான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது.

கொழும்பில் லென்ஸ் திருத்தும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். ரிங்கின் ரப்பரை உரித்து, வெள்ளைத் தாளின்மேல் மெதுவாகத் தட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு சிட்டிகை கொட்டியது. பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். ஒவ்வொரு மணியும் முனை மழுங்கி, உருண்டு, தேய்த்த கண்ணாடி போல மங்கலாக இருந்தது. "இது ஆத்து மணல் இல்ல மகன், காத்துல உருண்ட மணல்" என்றார்.

கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்தான் உச்சம்: "உங்க தோட்டத்து மண்ணா இருக்கும் தம்பி." தேயிலை மலை மண் ஈரம் பட்டால் விரலில் அப்பிக்கொள்ளும். இது தண்ணீர் விட்டாலும் மணி மணியாகப் பிரிந்து நின்றது. மலையில் பிறந்தவனுக்கே மண்ணைப் பற்றிப் பாடம்!

அந்தக் கன்யனில் எப்படிப் படம் எடுப்பார்கள் என்று தெரிந்தால் மணல் வந்த வழி புரியும். அந்தப் பாறையே ஆதிகாலத்து மணல்மேடுகள் இறுகி உண்டானது. திடீர் வெள்ளங்கள் அதை அறுத்து இடுக்காக்கின. மேலே காற்றடித்தால் மணல் உள்ளே கொட்டும். கோடையில் நண்பகலை ஒட்டி வெயில் செங்குத்தாக இறங்கும்போதுதான் அந்த ஒளிக்கற்றை கிடைக்கும். தூசி இல்லாவிட்டால் அதுவும் மங்கல்தான். அதற்காகக் கூட்டிப்போகும் நவஹோ பழங்குடி வழிகாட்டிகள் மணலை அள்ளி மேலே வீசுவதுண்டு. நுவரெலியாவில் மரங்களுக்கு நடுவே மூடுபனி சும்மா செய்துதரும் வேலையை அங்கே மணல் செய்கிறது. ஆகவே கற்றை பளிச்சென்று தெரியும் படம் என்றால், எடுத்தவரின் கமெராவைச் சுற்றி மணல் பறந்திருக்கிறது என்று அர்த்தம்.

தூசிக்குப் பயந்து, விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே லென்ஸ் மாற்றமாட்டார்கள். ஒரு சூம் லென்ஸைப் பூட்டிக்கொண்டு போய்க் கடைசிவரை அதையே திருப்பிக்கொண்டிருப்பார்கள். 24-105 போல நீண்டு சுருங்குகிற லென்ஸ், நீளும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு மணலும் போகும். குவார்ட்ஸ் மணல் லென்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, துணியால் துடைத்தாலே கோடு விழும். நானா முன்கண்ணாடியைச் சரித்துப் பிடித்து டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாகத் தெரிந்தன. நேராக அடித்தபோது அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கடைக்காரர் மாட்டியது அவர் அனுப்பிய படங்களால்தான். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் விவரம், அதாவது எந்தக் கமெரா, எந்த லென்ஸ் என்று படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் தகவல், போய்விடும். இவர் தரம் குறையக்கூடாதென்று டொக்கியுமென்டாக அனுப்பியிருந்தார். கணினியில் திறந்து பார்த்தேன். ஒளி குறைந்த இடத்தில் கூட்டி வைக்கும் ஐஎஸ்ஓ 3200 என்றிருந்தது. இப்போது அங்கே சுற்றுலாக்காரர்கள் டிரைபொட் கொண்டுபோக முடியாது, கையில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும், அதனால் இது பொருந்துகிறது. அதற்குக் கீழே லென்ஸ் சீரியல் இலக்கம். என் லென்ஸில் பொறித்திருக்கும் அதே இலக்கம், ஓர் எண்கூடப் பிசகில்லை.

ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "பாவிச்ச சாமானுக்குக் கேரண்டி இல்ல" என்று பில்லை நீட்டுகிறார். பில்லில் இருப்பது "லென்ஸ் 1", அவ்வளவுதான். சீரியல் இலக்கத்தை எழுதாமல் எந்தக் கடை பில் தந்தாலும் வாங்காதீர்கள். நாளைக்கு "இது நாங்க வித்த லென்ஸே இல்ல" என்று சொல்ல அது ஒன்றே போதும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, பிறகு பில், ஸ்கிரீன்ஷொட், நானா எழுதித் தந்த துண்டு எல்லாம் சேர்த்து எழுத்திலும் முறைப்பாடு கொடுத்தேன். இன்னும் முடிவு வரவில்லை. திருத்தக் கேட்கும் கூலி 45,000 ரூபாய், கீறல் அதோடும் போகாது.

இதை இன்றைக்கே எழுதக் காரணம் உண்டு. அதே கடை, அதே கன்யன் படங்களைப் போட்டு, இப்போது ஒரு கமெரா பொடியை (லென்ஸ் இல்லாத கமெராவை) விற்பனைக்கு விட்டிருக்கிறது. "ஸ்டூடியோ யூஸ் மட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த எக்ஸிஃபில் பொடியின் சீரியல் இலக்கமும் இருக்கிறது. யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால் முதலில் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், இலக்கத்தைத் தருகிறேன், ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.