மார்க்காவா, ரும்ட்ஸேவா, ஷாமா? லடாக்கில் எந்தப் பாதையில் நடப்பது

லடாக்கில் நடக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எது சுலபம், எது கஷ்டம்?" என்றுதான். என்னைக் கேட்டால் வேறு இரண்டு கேள்விகள் முந்த வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் எவ்வளவு உயரத்தில் படுக்கப் போகிறோம்? உடம்பு முரண்டு பிடித்தால் எந்தப் பக்கம் சட்டென்று கீழே இறங்கலாம்? லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே நிற்போம். மூச்சு சீராக இரண்டு நாளாவது ஆகும். பாதையை அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும்.

ஷாம் பாதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். லிகிரில் தொடங்கி யாங்தாங், ஹெமிஸ் சுக்பாச்சன் வழியாகத் தெமிஸ்காம், மூன்று நாள். வழியில் உள்ள கணவாய்கள் 4,000 மீட்டருக்குக் கீழேதான். தினமும் ஏதாவது ஒரு வீட்டில் கூரையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். ஆனால் ஊருக்கு ஊர் சாலை வந்துவிட்டது, வனாந்தரத்தில் நடக்கும் உணர்வு வராது. நடுக்கோடையில் நிழலே இல்லாத வெயில் வேறு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. மற்றவர்கள் இதை உடம்பைப் பழக்கும் நடையாக வைத்துக்கொள்ளலாம்.

மார்க்கா பள்ளத்தாக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே பாதை இல்லை. ஜிங்செனில் தொடங்கினால் ரும்பாக், யுருட்ஸே வழியாக ஏறி, கிட்டத்தட்ட 4,900 மீட்டர் உயரமுள்ள காண்டா லா கணவாயை இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தாண்ட வேண்டும். லேயில் அவசர அவசரமாக ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்குவது இங்கேதான். சில்லிங்கில் தொடங்கினால் லேயைவிடத் தாழ்வான ஆற்றங்கரையிலிருந்து ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று பாதை மெல்ல மெல்ல ஏறும். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. இதில் இழப்பும் உண்டு. ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் பனிச்சிறுத்தைக்குப் பேர்போன இடம் ரும்பாக். அந்த ஊர் இந்த வழியில் வராது. (கோடையில் சிறுத்தை கண்ணில் படும் என்று நம்பிப் போக வேண்டாம். அது கீழே இறங்குவது குளிர்காலத்தில். நீலச்செம்மறிகளை நிச்சயம் பார்க்கலாம்.) சில்லிங் பக்கமிருந்து வண்டிச்சாலையும் பள்ளத்தாக்குக்குள் நீண்டுகொண்டே போகிறது.

எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஹங்கருக்குப் பிறகு நிதானம் வேண்டும். அங்கிருந்து நிமாலிங் மேய்ச்சல் வெளிக்கு ஒரே நாளில் சுமார் 800 மீட்டர் ஏறுகிறார்கள், ஒருநாள் மிச்சம் பிடிக்க. இடையில் தச்சுங்ட்ஸேயில் ஓர் இரவு தங்கினால், நிமாலிங்கில் காங் யாட்ஸே சிகரத்தைத் தலைவலி இல்லாமல் நிமிர்ந்து பார்க்கலாம். மறுநாள் கோங்மாரு லா கணவாய், 5,200 மீட்டருக்கும் மேலே. காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதைத் தாண்டி ஷாங் சும்தோவுக்கு இறங்கும் 1,500 மீட்டர்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் பெருகும்.

ரும்ட்ஸேயிலிருந்து ட்ஸோ மொரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் போவது வேறு ஜாதி. தொடக்கமே 4,200 மீட்டர் பக்கம். அதற்குப் பிறகு ஏழெட்டு நாளும் அதற்குக் கீழே படுக்கை இல்லை. 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊர் கிடையாது, டீக்கடைக் கூடாரம் கிடையாது. கூடாரம், அடுப்பு, சமையல்காரர், குதிரைக்காரர் எல்லாம் நம்மோடு வர வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். பதிலுக்குக் கிடைப்பது சாங்தாங் பீடபூமி: ட்ஸோ கர் உப்பேரி, கியாங் என்ற காட்டுக்கழுதைக் கூட்டம், கருங்கழுத்துக் கொக்கு, பஷ்மினா ஆடுகளை ஓட்டித் திரியும் சாங்பா மக்கள், கடைசியில் 4,500 மீட்டரில் நீலமாய்க் கிடக்கும் ட்ஸோ மொரிரி. அழகில் மார்க்கா இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. ஆனால் நடுவழியில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். மார்க்காவில் பெரும்பாலான நாட்களில் பள்ளத்தாக்கோடு திரும்பி நடந்தால் போதும். இங்கே இறங்குவதற்கே இன்னொரு கணவாய் ஏற வேண்டியிருக்கும்.

ஆகவே முதல்முறை என்றால் சில்லிங் வழியாக மார்க்கா. ஏற்கெனவே அந்த உயரத்தில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர்கள், விடுமுறையும் கையில் இருந்தால், ஷாமை முடித்துவிட்டு ரும்ட்ஸே போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இரண்டுக்கும் தோது. மலைகள் பருவமழையை மறித்துவிடுவதால் இமாச்சல் நனையும்போது இங்கே பெரும்பாலும் காய்ந்திருக்கும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு கொண்டுபோங்கள். அதுவும் லேயைச் சுற்றித்தான் நம்பலாம். கோர்சோக்கிலிருந்து திரும்பும் வண்டியை லேயிலேயே நாள் சொல்லிப் பேசி வைத்துவிட வேண்டும்.