116117: ஜெர்மனியில் டாக்டரிடம் டெர்மின் (சந்திப்பு நேரம்) வாங்கித் தரும் எண்

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பழகிப்போகும் பதில் ஒன்று உண்டு: "புது நோயாளிகளை எடுப்பதில்லை." கிராங்கன்காஸே (பொது மருத்துவக் காப்பீடு) அட்டை பர்ஸில் இருக்கும், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தமும் ஆகும். தோல் டாக்டர் மட்டும் நான்கைந்து மாதம் கழித்துத்தான். டோக்கன் போட்டு உட்கார்ந்தால் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்ற நம்மூர்க் கணக்கு இங்கே செல்லாது. அதற்குத்தான் 116117.

கட்டணமில்லாத எண். இதற்கு இரண்டு வேலை. கிளினிக்குகள் மூடிய நேரத்தில் காய்ச்சல், காது வலி என்றால் எந்த டாக்டர் பணியில் இருக்கிறார் என்று சொல்லும். இந்தப் பாதிக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் தரலாம். புதன் மதியமே பல கிளினிக்குகள் மூடிவிடும் நாட்டில் இது பெரிய உபகாரம். நெஞ்சு வலி, வாய் கோணுதல் போன்றவற்றுக்கு மட்டும் இது வேண்டாம், நேராக அவசர உதவி எண் 112.

இரண்டாவது வேலை, சிறப்பு மருத்துவரிடம் டெர்மின் பிடித்துத் தருவது. 2016இல் தனியாகத் தொடங்கிய இந்தச் சேவை 2020 முதல் இதே எண்ணில் வருகிறது. கேட்ட ஒரு வாரத்துக்குள் டெர்மின் சொல்ல வேண்டும். அது அடுத்த நான்கு வாரத்துக்குள் இருக்க வேண்டும். இது சட்டம். ஆனால் சாவி உங்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்டின், அதாவது குடும்ப டாக்டரின், கையில்.

அவர் எழுதித் தரும் ஊபர்வைசுங் (பரிந்துரை) தாளில் நான்கு நான்காகப் பிரித்த 12 எழுத்து, எண் கொண்ட ஒரு கோடு (code) இருக்க வேண்டும். பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். அவசரம் என்று டாக்டர் கருதினால்தான் கோடு அச்சாகும். வெறும் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நான்கு வார உத்தரவாதம் கிடையாது. கவுன்டரை விட்டு நகருமுன் "மிட் ஃபெர்மிட்லுங்ஸ்கோட், பிட்டே" (அந்தக் கோடோடு தாருங்கள்) என்று கேட்டுவிடுங்கள். கண், மகப்பேறு மருத்துவர்களுக்கும், குழந்தை டாக்டருக்கும், ஏன், ஹவுஸ்ஆர்ட்ஸ்டையே தேடுவதற்கும் ஊபர்வைசுங் தேவையில்லை.

கோடு இருந்தால் இணையத்தில் பதிவதே மேல். கோடையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டால் காலியான நேரங்கள் வரிசையாக வரும். ஃபோனில் பேச ஜெர்மன் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருப்பது நல்லது. திரையில் ஒன்றுமே காட்டவில்லை என்றால் மறுநாளும் பாருங்கள். பிறர் ரத்து செய்தவை திரும்ப வரும். அப்படியும் இல்லையென்றால் ஃபோனில் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள்.

குறைகள் உண்டு. இந்த டாக்டர்தான், இந்த நேரம்தான் வேண்டும் என்று கேட்க முடியாது; இருப்பதில்தான் எடுக்க வேண்டும். ஊரின் மறுகோடிக்குப் போகச் சொன்னாலும் போக வேண்டியதுதான். சாதாரணப் பரிசோதனைக்கு நான்கு வாரக் கெடு பொருந்தாது. பல் டாக்டர் இதில் கிடையாது. டெர்மின் சேவை பொதுக் காப்பீட்டாருக்கு மட்டுமே; மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீடு எடுத்த மாணவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கும்.

இதைவிடச் சுருக்கு வழி ஒன்றும் இருக்கிறது. உங்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்டே சிறப்பு மருத்துவருக்கு ஃபோன் செய்து இடம் பிடிக்கலாம். அப்படிச் செய்தால் இரு தரப்புக்கும் காப்பீட்டிலிருந்து கூடுதல் பணம் வருகிறது என்பதால், கேட்பதில் கூச்சம் வேண்டாம். போக முடியாவிட்டால் டெர்மினை முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். காலாண்டு மாறியிருந்தால் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு காலாண்டும் அதைப் புதிதாக மெஷினில் செருகியாக வேண்டும்.