மயானச் சீட்டை லேமினேஷன் போட்டுத் தந்து 'இறப்புச் சான்றிதழ்' என்பார்கள், குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனம்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்பே ஐஸ் பெட்டிக்காரர் வந்துவிடுகிறார். பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி, மின் மயான முன்பதிவு, கடைசியில் 'சர்டிபிகேட்' வரைக்கும் சேர்த்து ஒரே ரேட் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் எங்கள் பெரியப்பா குடும்பம் பட்டதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

பெரியப்பா இருந்தது கல்குளம் தாலுகாவில் ஒரு கிராம ஊராட்சியில். கிட்னி கோளாறு, டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தது, வீட்டிலேயே இறந்தார். அந்தப் பக்கம் முன்பெல்லாம் சொந்த விளையிலேயே (தோட்ட நிலத்திலேயே) எரிப்பார்கள், இல்லையென்றால் புதைப்பார்கள். இப்போது விளையெல்லாம் மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று சுருங்கிப் போச்சு. அனுமதி பெற்ற மயானம் தவிர, வீடுகளுக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று ஊராட்சிகளுக்கான 1999-ம் வருட விதி சொல்கிறது. நம் ஊரில் 90 மீட்டர் தள்ளிப் போனால் அடுத்தவர் அடுக்களையில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் எரிவாயு மேடையில் தகனம் செய்வது என்று முடிவானது.

பெட்டிக்காரர் அண்ணனிடம் (பெரியப்பா மகன், கல்ஃபிலிருந்து அவசரமாக வந்தவர்) சொன்னது இது: "மக்ளே, நீங்க ஒண்ணுக்கும் அலையாண்டாம். பேப்பர் வேலை பூரா நான் பாத்துக்கிடுதேன். டாக்டர் சர்டிபிகேட் இல்லேன்னா போலீஸ் கேஸாயிரும், அறுத்துப் பாப்பாவ." அறுப்பது, அதாவது போஸ்ட்மார்ட்டம் என்று கேட்டதும் பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கடிதத்துக்கு 2,000, சான்றிதழ் செலவுக்கு 3,500, மயானக் கட்டணம் தனி. அந்தக் கட்டணமும் மயானப் பலகையில் எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு என்று பிறகுதான் தெரிந்தது.

இதில் பாதி உண்மை, அதுதான் வினையே. விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை கட்டாயம். 2024 ஜூலை முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ம் பிரிவில் வருகிறது. அந்த மாதிரி உடலை போலீஸ் ஒப்புதல் இல்லாமல் எரிக்க முடியாது. ஆனால் வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்தவர் வீட்டில் இறந்தால் அதில் போலீசுக்கு என்ன வேலை? கடைசி நோயில் அவரைப் பார்த்த மருத்துவரே இறப்புக் காரணச் சான்று தரவேண்டும், அதுவும் கட்டணம் வாங்காமல். பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம், 1969, பிரிவு 10 இதைத் தெளிவாகவே சொல்கிறது. வீட்டில் இறந்தவர்களுக்கு அது படிவம் 4ஏ.

எங்களுக்கு வந்தது படிவமே இல்லை. ஒரு டாக்டரின் லெட்டர்பேட் தாள். கையெழுத்து கறுப்பு மையில், பெயரும் வயதும் காரணமும் நீல மையில், வேறு ஒருவர் கையெழுத்தில். காரணம் 'நெஞ்சுவலி'. 76 வயதுக்காரருக்கு 67 போட்டிருந்தது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் கட்டாக வைத்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த டாக்டர் பெரியப்பாவைப் பார்த்ததே கிடையாது. இன்சூரன்ஸ் இருக்கிற வீட்டில் இப்படித் தப்பான காரணம் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மயான ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடையில் ஏற்றும் முன் அங்கிருந்த அண்ணாச்சி எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஞ்சுல பேஸ்மேக்கர் மாதிரி ஏதும் வச்சிருக்கா?" என்று கேட்டார். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். இல்லை என்றோம். மொத்த ரேட் பேசியவருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். காரியம் முடிந்து ஒரு நாள் பெட்டிக்காரர் பளபளவென்று லேமினேஷன் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, "மாநகராட்சியிலயே பதிஞ்சாச்சு" என்று மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அண்ணனும் கல்ஃபுக்குத் திரும்பிவிட்டார். பெரியம்மா குடும்ப பென்ஷனுக்காக பேங்குக்கு அதை எடுத்துப் போனபோது, அங்கிருந்த பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எரிச்சதுக்கான சீட்டு, இறப்புச் சான்றிதழ் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

எரித்த இடத்தில் மரணம் பதிவாகாது, இறந்த இடத்தில்தான் பதிவாகும். நாகர்கோவிலில் தகனம் செய்தாலும் ஊராட்சியில் இறந்தவருக்குப் பதிவாளர் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர்தான். பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்தந்த அலுவலகம். ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துவிடும். வீட்டில் இறந்தால் வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும், 21 நாளுக்குள். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு போகும். அதற்கு மேல் ஒரு வருஷம் வரை மாவட்டப் பதிவாளர் நிலையில் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வருஷமே கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) உத்தரவு. எங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது.

மயானப் பதிவேட்டைப் பார்க்கப் போனோம். மயானப் பொறுப்பாளரும் சட்டப்படி தகவல் தர வேண்டியவர் என்பதால் அங்கே எல்லாம் ஏறியிருக்கும். ஏறித்தான் இருந்தது. ஆனால் தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு ஆள் யாரும் இல்லை. பெட்டிக்காரர் பெயர், அவர் கைபேசி எண். உறவு: 'தம்பி'. வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போகப்போகிற குடும்பத்துக்கு இப்படி ஒரு தம்பி முளைத்தால் விளங்கும்!

ஆகவே மயானத்தில் விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள், உங்கள் எண்ணையே கொடுங்கள், ரசீதை ஜன்னலில் நேரடியாக வாங்குங்கள். இறந்தவரின் ஆதார் நகல், உங்கள் அடையாள அட்டை, மருத்துவர் சான்று மூன்றும் கையில் இருந்தால் நடுவில் ஆளே வேண்டாம். பதிவானதும் முதல் நகல் இலவசம். தமிழ்நாட்டில் அதை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அனுமதி மனு போட்டிருக்கிறோம். சிகிச்சை கொடுத்த டாக்டர் ஒரு பைசா வாங்காமல் சரியான படிவத்தை எழுதிக் கொடுத்தார். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்திலும் புகார் கொடுத்தாகிவிட்டது. பெட்டிக்காரரை அழைத்துக் கேட்டபோது, "நான் சர்டிபிகேட்டுன்னு சொன்னது மயானச் சீட்டத்தான், நீங்க தப்பா புரிஞ்சிருக்கிய" என்றார். சரி, அதற்கு எதற்கு 3,500 ரூபாய் என்றோம். லேமினேஷன் செலவு இருக்கிறதே என்றார்.