ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்ததுல

எங்க அபார்ட்மென்ட்ல லாரித் தண்ணி கணக்கு நோட்டுலதான் ஓடிட்டு இருந்துச்சு, மாசக் கடைசி வந்தா யார் எவ்ளோ தரணும்னு சண்டை. நான் வெப் டெவலப்பராச்சே, ஒரு சின்ன சைட் போட்டுத் தரேன்னு வாய விட்டுட்டேன். இதுக்குப் போய் மாசாமாசம் கிளவுடுக்கு காசு கட்டணுமானு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் இந்த ராஸ்பெர்ரி பை போர்டை வாங்கினேன், ஒரே சர்க்யூட் போர்டுல அடங்கற குட்டி கம்ப்யூட்டர். 2021 அக்டோபர்ல 15 டாலர்னு வந்தது, ஆனா மெமரி கார்டு, சார்ஜர், மினி எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்னு தனித்தனியா வாங்கணும், அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

65க்கு 30 மில்லிமீட்டர், தீப்பெட்டிய விட கொஞ்சம் நீளம், அவ்ளோதான். உள்ள நாலு கோர், 1 ஜிகாஹெர்ட்ஸ். ரேம் 512 எம்பி.

இந்த 512தான் கதையே. லேப்டாப்ல 16 ஜிபி வெச்சு வேலை பார்த்த திமிர்ல நேரா போர்டுலயே என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சேன் (சைட்டுக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கற கமாண்ட்), பத்து நிமிஷம் யோசிச்சுட்டு கில்டுனு (Killed) ஒத்தை வார்த்தைய போட்டு முடிச்சுருச்சு, மெமரி பத்தலைனு லினக்ஸோட கர்னலே அந்த புரோகிராம போட்டுத் தள்ளிருச்சு. ரேம் பத்தாதப்ப கார்டையே ரேம் மாதிரி பயன்படுத்தற ஸ்வாப்ப ஏத்தினேன், ஓடுச்சு, ஆனா அது மொத்தமும் எஸ்டி கார்டுலதான் எழுதுது, மூணாவது மாசம் கார்டு ரீட் ஒன்லி ஆகி, எதையும் எழுத முடியாம நின்னுச்சு (விலை கம்மினு நான் வாங்கின கார்டு, யார குத்தம் சொல்ல). அதுக்கப்புறம் பில்ட் எல்லாம் லேப்டாப்ல பண்ணி, ஆர்சிங்க்ங்கற ஃபைல் காப்பி டூல்ல போர்டுக்குத் தள்றேன்.

கணக்கை சேமிக்க மோங்கோடிபிங்கற டேட்டாபேஸ போட்டா வரவே இல்ல. அது 5.0 வெர்ஷன்லருந்து ஆர்ம் 8.2 வகை பிராசஸர் கேக்குமாம், இதுல இருக்கற ஏ53 கோர் அதுக்கு முந்தின 8.0. டாக்குமென்ட் படிக்காம ஒரு சனிக்கிழமை மொத்தமா போச்சு. எஸ்கியூஎல்லைட்ங்கற (SQLite) சின்ன டேட்டாபேஸுக்கு மாத்தினேன், 24 வீட்டுக்காரங்க கணக்குக்கு அதுவே ஜாஸ்தி. முதல்லயே எதுக்கு மோங்கோவ எடுத்தேன்னு கேக்காதீங்க, பழக்கதோஷம்.

வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர்ல 5 ஜிகாஹெர்ட்ஸ் பேரைக் குடுத்துட்டு போர்டு செத்துருச்சுனு நினைச்சு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

சார்ஜர் விஷயம் முக்கியம். டிராயர்ல கிடந்த பழைய போன் சார்ஜர்ல போட்டேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தன்னால ரீஸ்டார்ட். நான் என்னோட கோட்லதான் தப்புனு லாக் போட்டு லாக் போட்டு தேடறேன். பெரிய பை போர்டெல்லாம் வோல்டேஜ் இறங்கினா வார்னிங் தரும், ஜீரோ வரிசையில அந்த சர்க்யூட்டே கிடையாது, அது சொல்லாது, நாமதான் கண்டுபிடிக்கணும். நல்ல 2.5 ஆம்ப் அடாப்டர் மாத்தினேன், அதோட அந்தத் தொல்லை விட்டுச்சு.

இன்னொண்ணு, இதுல கடிகாரத்துக்கு பேட்டரி இல்ல. மூணு மணி நேரம் கரண்ட் போய் வந்தா, நெட் கிடைக்கற வரைக்கும் அது பழைய நேரத்துலயேதான் இருக்கும். ரவுட்டர் எழுந்திரிக்கறதுக்குள்ள போர்டு எழுந்து, சாயங்காலம் வந்த லாரிய மத்தியானம்னு பதிஞ்சு வெச்சுருந்துச்சு. இப்ப டைம் சிங்க் ஆன அப்புறம்தான் சைட்டோட சர்வீஸ் ஸ்டார்ட் ஆகற மாதிரி சிஸ்டம்டில (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஆரம்பிச்சு வைக்கறது) வெச்சிருக்கேன்.

யாருக்கு ஆகும்னா, சின்ன சைட், டெலிகிராம் பாட், சென்சார் தட்டிப் பார்க்கறவங்களுக்கு தாராளமா வாங்கலாம். சூடு பெருசா இல்ல, சத்தமே இல்ல, ஷூ ரேக் மேல கிடக்குது. டாக்கர்ல நாலு கன்டெய்னர்னு, அதாவது பல சர்வீஸ தனித்தனியா பிரிச்சு ஒரே மெஷின்ல ஓட்டணும்ங்கறவங்க 4 ஜிபி பை 4 பக்கம் போயிடுங்க, இத வாங்கிட்டு திட்டாதீங்க. ஒயர் மாட்டற பின் (pin) வரிசை சால்டர் பண்ணாமதான் வரும், சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழக்கம் இல்லைனா பின் வெச்ச மாடலா கேட்டு வாங்குங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். தண்ணிக் கணக்கு இன்னிக்கும் அதுலதான் ஓடுது, செகரட்டரி மாமா மட்டும் சைட்ல பார்த்து நோட்டுலயும் ஒரு தடவை எழுதி வெச்சுக்கறாரு.